சுயேச்சையாக நிற்கப் போகிறீர்களா? மனு முதல் கணக்கு ஒப்படைப்பு வரை

சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் ஒன்றுதான் கேட்பேன். உங்கள் தொகுதியில் எந்தெந்த ஊரில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? நாலைந்து ஊராவது தேறினால் உட்கார்ந்து பேசலாம். ஒன்றுமே தேறாவிட்டால் இந்தத் தேர்தலை விட்டுவிட்டு அடுத்த தேர்தலுக்கு இன்றே வேலையைத் தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்புவேன்.

நான் வேலூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்தவரை தேர்தல் வந்தால் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பெட்டியோடு போய் உட்காருவது வழக்கம். ஓய்வு பெற்ற பிறகு, என்னிடம் படித்த பெண் ஒருத்தி அணைக்கட்டுத் தொகுதியில் சுயேச்சையாக நின்றாள். அவளுக்குத் தேர்தல் முகவராக, அதாவது தேர்தல் வேலைகளில் அவளுடைய அதிகாரபூர்வப் பிரதிநிதியாக இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன். பெரிய கட்சி வேட்பாளருக்கு வக்கீல் அணியே இருக்கும், அவர்களுக்கு இது தேவைப்படாது. கட்சி இல்லாமல், காசும் அதிகமில்லாமல், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முதல்முறையாக இறங்குகிறவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெயரை ஏன் முதலில் கேட்கிறேன் என்றால், நாள்காட்டி அப்படி. 2021 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 12இல் மனுத்தாக்கல் தொடங்கியது, 19இல் முடிந்தது. 20இல் பரிசீலனை, 22இல் வாபஸ் பெறக் கடைசி நாள். சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது அந்த 22ஆம் தேதி மாலைதான். ஏப்ரல் 4 மாலை ஏழு மணிக்குப் பிரச்சாரம் ஓய்ந்தது, 6இல் வாக்குப்பதிவு. கணக்குப் போட்டால், சின்னம் கைக்கு வந்ததிலிருந்து சுமார் இரண்டு வாரம். இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருக்கும் தொகுதியில், ஒடுகத்தூருக்கு மேலே மலை கிராமம் வரை, புதுச் சின்னத்தை இரண்டு வாரத்தில் யாராலும் கொண்டு சேர்க்க முடியாது. ஏற்கெனவே தெரிந்த முகத்தோடும் பெயரோடும் அந்தச் சின்னத்தை ஒட்ட முடியும், அவ்வளவுதான். அதனால் முகத்தையும் பெயரையும் சம்பாதிக்கும் வேலை முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

என் மாணவி ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். முதியோர் பென்ஷன் நின்றுபோனவர்களுக்கும், பட்டா மாற்றத்துக்கு அலைகிறவர்களுக்கும் மனு எழுதிக்கொடுத்து, தாலுகா ஆபீஸுக்குக் கூடவே போய் வந்து பல வருஷம் பழகியவள். அதுதான் அவளுடைய முதலீடு.

முதலில் பார்க்க வேண்டியவை

வயது 25 நிறைந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். நிற்கும் தொகுதியிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தனித்தொகுதி என்றால் அது யாருக்கு ஒதுக்கப்பட்டதோ அந்தப் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும், சாதிச் சான்றும் வேண்டும். வேலூர் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளில் கே.வி.குப்பமும் குடியாத்தமும் தனித்தொகுதிகள். காட்பாடி, வேலூர், அணைக்கட்டு மூன்றும் பொது. அரசு வேலையில் இருப்பவர் ராஜினாமா செய்து, அது ஏற்கப்பட்ட பிறகே மனுத்தாக்கல் செய்ய முடியும். விடுப்பில் இருந்துகொண்டு நிற்க முடியாது.

டெபாசிட் 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. பதிவான செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்ப வரும். நோட்டாவுக்கு விழுந்தது அந்தக் கணக்கில் சேராது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஓட்டு பதிவானால் முப்பதாயிரத்துக்கு மேல் வாங்க வேண்டும் என்று பொருள். முதல்முறை நிற்கும் சுயேச்சை இந்தப் பணம் திரும்ப வராது என்று வைத்துக்கொண்டே செலவைத் திட்டமிடுவது நல்லது. மனு தள்ளுபடி ஆனாலோ, நீங்களே வாபஸ் வாங்கினாலோ பணம் திரும்பக் கிடைத்துவிடும்.

இந்தத் தொகையும், பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்ததற்குத் தமிழ்நாட்டுக் கதை ஒன்று காரணமாகச் சொல்லப்படும். 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டி வந்தது. அதுவரை 250 ரூபாயாக இருந்த டெபாசிட், அந்த ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 5,000 ஆனது. பிறகு 10,000 ஆனது.

மனு

எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். மேடைப்பேச்சு சுமாராக இருந்தாலும் ஓட்டு விழும். மனு சுமாராக இருந்தால் பரிசீலனையன்றே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மனு என்பது படிவம் 2பி. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேருமே நீங்கள் நிற்கும் தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் வாக்காளர் பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும்.

இங்கேதான் பலருடைய மனு அடிபடுகிறது. வாக்காளர் அட்டையின் பின்னால் பழைய பாகம் எண் இருக்கும், அதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். பட்டியல் ஒவ்வொரு திருத்தத்திலும் மாறும். பூத்தைப் பிரிப்பார்கள், சேர்ப்பார்கள், பெயர் நீக்குவார்கள். 2025 கடைசியில் தொடங்கிய தீவிரத் திருத்தத்தில் ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன. அட்டை கையில் இருக்கிறது என்பதால் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கடைசியாக வெளியான பட்டியலையும் துணைப் பட்டியலையும் இறக்கி, அச்செடுத்து, பத்துப் பெயருக்கும் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுங்கள். பிறகு எண்ணைப் படிவத்தில் எழுதுங்கள். எழுதியவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவராக இருக்கட்டும்.

ஒருவர் அதிகபட்சம் நான்கு மனு கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான். இரண்டு மனுவாவது கொடுங்கள், இரண்டுக்கும் வேறு வேறு பத்துப் பேர். ஒன்றில் ஒரு பெயர் தவறிப்போனாலும் இன்னொன்று நிற்கும். அந்த இருபது பேரையும் ஒரே தெருவில், ஒரே சாதியில், ஒரே சொந்தத்தில் எடுக்காதீர்கள். மனு அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். இந்தப் பெண்ணுக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று ஊர் பார்க்கும். நாங்கள் எடுத்தவர்களில் பள்ளிகொண்டாவில் டீக்கடை வைத்திருப்பவர் ஒருவர், இலவம்பாடிக் கத்தரிக்காய் விவசாயி ஒருவர், பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒருவர், பிறகு பென்ஷன் வாங்கும் ஒரு பாட்டி.

அந்தப் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கைநாட்டு வைப்பவர் முன்மொழியலாம், தடையில்லை. ஆனால் வீட்டிலேயே மை வைத்துப் பெருவிரலை ஒற்றிக் கொண்டுபோனால் செல்லாது. தேர்தல் நடத்தும் அலுவலர் அல்லது அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் முன்னால் ரேகை வைக்க வேண்டும், அவர் சான்றளிக்க வேண்டும். பாட்டியை மனுத்தாக்கலுக்கு முன்தினமே அழைத்துப்போய் இதை முடித்தோம். அலுவலர் அவரைப் பார்த்து, "இவங்களுக்காக நீங்க கைநாட்டு வைக்கிறீங்க, தெரியுமா?" என்று கேட்டார். "தெர்யாம இன்னா நைனா, என் பென்ஷன வாங்கிக் குட்த்த பொண்ணு" என்றார் பாட்டி. பிரச்சாரம் முழுவதிலும் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பேச்சு அதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வேட்பாளருக்கு வேறு தொகுதியில் ஓட்டு இருந்தால், அந்தத் தொகுதிப் பட்டியலில் அவருடைய பெயர் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். என் மாணவி கல்யாணமாகி வேலூர் டவுனுக்குப் போனவள், ஓட்டு வேலூர்த் தொகுதியில். நகலுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்கினோம். கடைசி நாள் காலையில் போய்க் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அந்த வாரம் எல்லா அலுவலகத்திலும் எல்லோரும் தேர்தல் வேலையில்தான் இருப்பார்கள்.

மனு வாங்கும் நேரம் காலை 11 முதல் மாலை 3 வரை. பொது விடுமுறை நாளில் வாங்க மாட்டார்கள். அலுவலகத்திலிருந்து நூறு மீட்டருக்குள் மூன்று வண்டிதான் வரலாம், உள்ளே வேட்பாளரைத் தவிர நான்கு பேர். முதல் நாளோ இரண்டாம் நாளோ போய்விடுங்கள். நல்ல நேரம், அமாவாசை, வளர்பிறை என்று பார்த்து எல்லோரும் ஒரே நாளில் குவிவார்கள். முன்னால் போனால் அலுவலர் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்ப்பார். எது குறைகிறது என்று எழுதிக் கொடுப்பார், அதை மறுநாள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். கடைசி நாள் இரண்டே முக்காலுக்குப் போனவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பிரமாணப் பத்திரம்

படிவம் 26. முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உங்கள் மேல் உள்ள வழக்குகள், உங்கள் பெயரிலும் கணவன் அல்லது மனைவி பெயரிலும் உங்களைச் சார்ந்தவர்கள் பெயரிலும் உள்ள சொத்து, கடன், கடைசி ஐந்தாண்டு வருமான வரிக் கணக்கு, பான் எண், படிப்பு, தொழில், சமூக வலைதளக் கணக்குகள் எல்லாம் இதில் வரும்.

ஒரு கட்டத்தையும் வெறுமனே விடாதீர்கள். கோடும் போடாதீர்கள். "இல்லை" அல்லது "பொருந்தாது" என்று எழுதுங்கள். கட்டத்தை வெறுமனே விட்டு, அலுவலர் நினைவூட்டிய பிறகும் நிரப்பாமல் இருந்தால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

எங்களுக்கு இதில் ஒரு மாலை முழுக்கப் போனது. மாணவியின் கணவர் தயங்கினார். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் இருந்தது. "அடகுல இருக்கறத எல்லாமா சார் எழுதணும்? சொந்தக்காரங்க பாப்பாங்களே" என்றார். "எழுதணும்பா. நகையை அசையும் சொத்துல எழுது, கடனைக் கடன் பக்கத்துல எழுது. ரெண்டும் வரணும்" என்றேன். அவருடைய தயக்கம் எனக்குப் புரிந்தது. பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஏறும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எத்தனை சவரன், எத்தனை சென்ட், எவ்வளவு கடன் என்று ஊரே படிக்கும். நிற்பது என்று முடிவெடுக்கும் முன்பே வீட்டில் உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள். பேசாமல் போய் நோட்டரி மேசையில் முகம் மாறும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்த இடத்தில் யாரும் யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

வழக்கு இருந்தால் மறைக்கவே மறைக்காதீர்கள். சாலை மறியலில் போட்ட வழக்காக இருந்தாலும் குற்ற எண், பிரிவு, நீதிமன்றம் எல்லாம் எழுதுங்கள். நிலுவை வழக்கு உள்ளவர்கள் அதைப் பிரச்சார காலத்தில் மூன்று முறை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரப்படுத்த வேண்டும். அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

மனுத்தாக்கல் முடிந்ததும் அங்கேயே உறுதிமொழி எடுத்துவிடுங்கள். கடவுள் பெயரால் எடுக்கலாம், உளமார எடுக்கலாம். மனு கொடுத்த பிறகுதான் எடுக்க வேண்டும், பரிசீலனை நாளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். எடுத்ததற்குச் சான்று தருவார்கள். டெபாசிட் ரசீது, உறுதிமொழிச் சான்று, பரிசீலனைக்கு வரச்சொல்லும் அறிவிப்பு மூன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். பரிசீலனையன்று கட்டாயம் நேரில் போங்கள். ஆட்சேபணை வந்தால் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

சின்னம்

சுயேச்சைகளுக்கான பட்டியலிலிருந்து மூன்று சின்னத்தை வரிசைப்படி மனுவிலேயே கேட்க வேண்டும். ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல். தேர்வு செய்யும்போது, அது இயந்திரத்தில் கருப்பு வெள்ளையில், சிறியதாக இருக்கும் என்பதை மனதில் வையுங்கள். பட்டியலை அச்செடுத்துக் கண்ணாடி போடாத ஒரு பெரியவரிடம் கொடுத்து எது என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவர் சட்டென்று சொல்லும் பொருள்தான் நல்ல சின்னம். தையல் மெஷின் மாதிரி வீட்டில் இருக்கும் பொருள் என்றால் இன்னும் நல்லது, வாசலில் நின்று அதைக் காட்டியே பேசலாம்.

இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், மற்ற பதிவுபெற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசி. பெயர் அகர வரிசையில் வரும். உங்கள் வரிசை எண் தெரிந்த அன்றிலிருந்து சின்னத்தோடு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். மனுவோடு கொடுக்கும் படத்தை மூன்று மாதத்துக்குள் எடுத்ததாகக் கொடுங்கள், ஊரில் தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே. அந்தப் படம்தான் இயந்திரத்தில் வரும்.

பணம்

மனுத்தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். உங்கள் பெயரில் இருக்கலாம், அல்லது தேர்தல் முகவரோடு கூட்டாக. மனைவியோடு, அண்ணனோடு சேர்த்து வைக்கக் கூடாது. வருவதும் போவதும் அதன் வழியாகவே. ஒரு நபருக்கோ கடைக்கோ மொத்தத் தேர்தலுக்கும் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கம் தர முடியாது. நன்கொடை வாங்கினாலும் அதே அளவுக்கு மேல் ரொக்கம் வேண்டாம்.

உச்சவரம்பு 40 லட்சம். நம்மைப் போன்றவர்கள் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். ஆனால் கணக்குப் புத்தகம் எல்லோருக்கும் ஒன்றுதான். வெள்ளைப் பக்கத்தில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. பிரச்சார காலத்தில் மூன்று முறையாவது தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவுப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். அவர்கள் பக்கம் நிழல் பதிவேடு ஒன்று இருக்கும். நீங்கள் போட்ட கூட்டத்தில் எத்தனை நாற்காலி, எத்தனை டீ என்று வீடியோ பார்த்து எழுதியிருப்பார்கள். நாற்காலி, ஷாமியானா, டீ, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வெளியிடுவார். உங்கள் மாமா கடையில் இலவசமாக டீ கொடுத்தாலும் அந்த விலையில் எழுத வேண்டும். தினமும் ராத்திரி படுக்கும் முன் எழுதிவிட்டால் பாரமே தெரியாது. இதற்கென்று ஒரே ஒரு ஆளை வையுங்கள், கல்லூரியில் வணிகவியல் படிக்கும் பிள்ளை போதும்.

ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கத்தோடு வண்டியில் போகாதீர்கள். பறக்கும் படை நிறுத்தினால் கணக்குச் சொல்ல வேண்டும். வேலூரில் இந்த விஷயத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 2019இல் நாடெங்கும் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது, பெருந்தொகை பிடிபட்டதைத் தொடர்ந்து வேலூரில் மட்டும் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் தேர்தலே ரத்தானது. பிறகு ஆகஸ்ட் 5இல்தான் நடந்தது.

நோட்டீஸ் அடித்தால் அச்சகத்தின் பெயர், வெளியிடுபவர் பெயர், முகவரி, எத்தனை பிரதி என்பது கட்டாயம். அச்சகக்காரரிடம் உறுதிமொழிப் படிவமும் எழுதிக் கொடுக்க வேண்டும். சுவர் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். அனுமதி, வழக்கு, அழிக்கும் செலவு என்று இழுக்கும்.

நடை

மார்ச், ஏப்ரல் வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் அனுமதி மனு, கணக்கு, தூக்கம். ஒலிபெருக்கி இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது. வண்டிக்கும் மைக்குக்கும் கூட்டத்துக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வண்டி அனுமதியின் அசல் தாளைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நகலை ஒட்டினால் பிடிப்பார்கள்.

எல்லா ஊருக்கும் போக ஆசைப்படாதீர்கள். பெயர் தெரிந்த ஊர்களை முதலில் வீடு வீடாக முடியுங்கள். அதற்கு வெளியே, சனம் தானாகக் கூடும் இடத்துக்குப் போங்கள். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச்சந்தை, வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தை. விடியற்காலையில் போனால் பத்துப் பதினைந்து ஊர் ஆட்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் அவர்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள். விலை பேசி முடித்துக் கயிறு கைமாறிய பிறகு போய் நோட்டீஸ் கொடுங்கள், பேரம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். சந்தையில் மைக் வேண்டாம், மாடு மிரளும்.

மலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு மூன்று ஊராட்சியிலும் குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. மாலைக்குள் இறங்கிவிட வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவரை அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு ராத்திரி அங்கேயே தங்குங்கள். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் டோலி கட்டித் தூக்கி வந்த கதையை அவர்கள் வாயால் கேட்ட பிறகு உங்கள் பேச்சே மாறும். எங்களுக்கு மாறியது.

என்ன வாக்குறுதி கொடுப்பது என்பதில் கவனம் வேண்டும். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் ஊராட்சியின் வேலை. சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, அதில் இந்தந்த வேலை செய்வேன் என்று தெளிவாகச் சொல்லலாம். உத்திர காவிரியில் மேலரசம்பட்டு அணை மாதிரிப் பெரிய கோரிக்கைகளுக்கு, "கட்டிக் கொடுக்கிறேன்" என்று ஒரு சுயேச்சை சொன்னால் பெரியவர்கள் நம்ப மாட்டார்கள். "ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் எழுந்து கேட்பேன், பதிலை ஊருக்கு வந்து சொல்வேன்" என்றால் காது கொடுப்பார்கள். என் மாணவி அப்படித்தான் சொன்னாள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இத இதுவரைக்கும் யாரும் சொல்லலம்மா" என்றார்.

ஆரத்தித் தட்டு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் வேட்பாளர் தெருவுக்குள் வந்தால் பெண்கள் ஆரத்தி எடுப்பார்கள், தட்டில் பணம் போடுவது பழக்கமாகிவிட்டது. போட்டால் அது ஓட்டுக்குப் பணம் கொடுத்த கணக்கில் வரும், வழக்குப் பதிவார்கள். போடாமல் நகர்ந்தால் அந்தப் பெண்களுக்குச் சங்கடம். அதனால் ஊருக்குள் போகும் முன்பே அங்குள்ள ஒரு பெண்மணியிடம் சொல்லி அனுப்புங்கள்: ஆரத்தி வேண்டாம், திண்ணையில் உட்கார்ந்து பேசலாம் என்று. அப்படியும் எடுத்துவிட்டால் பொட்டை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "காசு போட்டா கேஸ் ஆயிடும் அக்கா, உங்க ஆசீர்வாதம் போதும்" என்று சொல்லிக் கும்பிடுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோயில், மசூதி, தேவாலயத்துக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது. சாதி பெயரைச் சொல்லியும் கேட்கக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு தெருவில் அப்படிக் கேட்டால் அடுத்த தெரு மூடிவிடும்.

வாக்குப்பதிவு நாள்

எல்லாச் சாவடிக்கும் முகவர் போட உங்களால் முடியாது. உங்களுக்கு ஓட்டு இருக்கும் என்று நம்பும் சாவடிகளுக்கு மட்டும் ஆள் போடுங்கள். அந்தச் சாவடியிலேயே ஓட்டு உள்ளவராக, வருகிறவர்களை முகம் பார்த்துச் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். படிவம் 10இல் வேட்பாளர் அல்லது தேர்தல் முகவர் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

முகவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். வாக்குப்பதிவு தொடங்க ஒன்றரை மணி நேரம் முன்பே மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். ஏழு மணிக்கு ஓட்டு என்றால் ஐந்தரைக்குச் சாவடியில் இருக்க வேண்டும். குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டுவார்கள். நோட்டா உட்பட எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். உங்கள் சின்னத்துக்கு எத்தனை அழுத்தினீர்கள் என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் தலைமை அலுவலர் க்ளோஸ், ரிசல்ட், கிளியர் என்று வரிசையாக மூன்று பொத்தானை அழுத்துவார். கிளியருக்குப் பிறகு திரையில் மொத்தம் பூஜ்யம் வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். யாருக்கு ஓட்டு விழுந்தது என்று தாளில் அச்சடித்துக் காட்டும் ஒப்புகைச் சீட்டு இயந்திரத்தின் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கருப்பு உறையில் போட்டு மூடுவதையும் பாருங்கள். பிறகு காகித முத்திரையில் கையெழுத்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளல். நான் தலைமை அலுவலராக இருந்தபோது இதையெல்லாம் கேட்டுப் பார்க்கும் முகவர் வந்தால் சந்தோஷமாக இருக்கும். கேட்பதற்குத் தயங்கவே வேண்டாம், அது உங்கள் உரிமை, அவருடைய கடமை.

மாலையில் படிவம் 17சி நகலை வாங்காமல் முகவர் வெளியே வரக் கூடாது. அந்தச் சாவடியில் பதிவான மொத்த ஓட்டும் இயந்திர எண்ணும் அதில் இருக்கும். வாக்கு எண்ணும் மேசையில் சரிபார்க்க உங்களிடம் இருக்கும் ஒரே சான்று அது.

வாக்காளர்களை உங்கள் வண்டியில் ஏற்றி வராதீர்கள், அது குற்றம். வாக்காளர்களுக்குச் சிலிப் எழுதிக் கொடுக்கும் உங்கள் மேசை சாவடியிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். சிலிப் வெள்ளைத்தாளில் இருக்கட்டும், பெயரோ சின்னமோ அதில் கூடாது.

எண்ணிக்கையும் அதற்குப் பிறகும்

எண்ணும் முகவர்களுக்குப் படிவம் 18, படத்தோடு, எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன்பு மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். வழக்கமாகப் பதினான்கு மேசை போடுவார்கள். ஆள் குறைவாக இருந்தால் உங்கள் ஊர்ச் சாவடிகளின் இயந்திரம் எந்தச் சுற்றில் எந்த மேசைக்கு வரும் என்று பார்த்து அங்கே உட்காருங்கள். 17சி நகலை எடுத்துப்போக மறக்காதீர்கள். சாவடி வாரியாக உங்களுக்கு விழுந்ததை எழுதி வாருங்கள். அடுத்த முறைக்கு அந்தத் தாள்தான் வரைபடம். என் மாணவி டெபாசிட் வாங்கவில்லை. ஆனால் எந்தெந்தச் சாவடியில் பெரிய கட்சிகளுக்கு அடுத்தபடியாக வந்தாள் என்பது எங்களுக்குத் தெரியும். அவள் மனு எழுதிக்கொடுத்த ஊர்கள் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன.

தோற்றவர்கள் பலரும் எண்ணும் இடத்திலிருந்து நேராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். செலவுக் கணக்கை மறந்துவிடுவார்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். ஜெயித்தவர், தோற்றவர், பத்து ஓட்டு வாங்கியவர் என்று வித்தியாசமே கிடையாது. சரியான காரணமின்றிக் கொடுக்காமல் விட்டால் மூன்று வருஷம் வரை தேர்தலில் நிற்கத் தகுதி போய்விடும். பதிவேடு மூன்று பகுதியும், வங்கி அறிக்கையும், ரசீதுகளும், சுருக்க அறிக்கையும் சேர்த்துக் கட்டி, ஒவ்வொரு ரசீதிலும் நீங்களோ முகவரோ கையெழுத்திட்டு, நகல் ஒன்று எடுத்துவைத்துக்கொண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள தேர்தல் பிரிவில் நேரில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டில் தேதி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மங்கலாக இருந்தால் இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள்.